தண்ணீரும் வெந்நீரும்

உரைநடை

நுழையும்முன்

‘சூடு தண்ணீர்’ என்று நாள்தோறும் சொல்லுகிறோம். தண்மை என்றால் குளிர்ச்சி. தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர். அவ்வாறாயின், ‘சூடான குளிர்நீர்’ என்றல்லவா சொல்லி வருகிறோம்! வெம்மை பொருந்திய நீருக்குத் தமிழில் வெந்நீர் என்னும் அழகிய பெயர் உண்டு. தண்ணீர் எவ்வாறு வெந்நீர் ஆகிறது? ஒரே வகைக் கருவி ஓர் ஊரில் வெந்நீர் தருகிறது. மற்றோர் ஊரில் தர மறுப்பதுபோல் தோன்றுகிறது. அதற்குக் காரணம் கருவியா, கிணறா? படித்து அறிவோம். இப்பாடத்தில் வரும் குடும்பம் கற்பனை. ஊர்களும் அறிவியலும் உண்மை.

1. கராச்சர்மாவில் ஒரு விடியல்

தெற்கு அந்தமானில், ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயர் நகரை அடுத்து அமைந்த ஊர் கராச்சர்மா. சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்கே வெகுதொலைவில் இருப்பதால், சென்னையில் கதிரவன் எழுவதற்கு ஏறத்தாழ 50 நிமிடம் முன்னரே இங்கே பொழுது புலர்ந்துவிடும்.

தை மாதத்தின் ஒரு விடியற்காலை. ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். கப்பியில் தாம்புக்கயிறு ‘கிறீச்’ என்று ஒலித்தது. தாத்தா ஒரு வாளி நீரை இறைத்துத் தொட்டியில் ஊற்றினார். பேத்தி அதில் கையை விட்டாள்.

“தாத்தா, கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே! நேற்று நண்பகலில் இதே நீர் குளிர்ந்திருந்தது. இரவில் யாராவது கிணற்றுக்கு அடியில் அடுப்பு மூட்டினார்களா?” என்று கேட்டாள்.

தாத்தா நகைத்தார். அவர் மின்பணியாளராக நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்த பின்னரே நம்புவார்.

“அடுப்பும் இல்லை, மாயமும் இல்லை அம்மா. உன் கை சொல்வதை உடனே நம்பிவிடாதே. கை ஒப்பிட்டுப் பார்க்கும், அளந்து பார்க்காது. அளக்கும் கருவி வேறு” என்றார்.

அன்று மாலை, அறிவியல் ஆசிரியரின் இசைவோடு பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பநிலைமானியைப் பேத்தி கொண்டுவந்தாள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது மனித உடலின் வெப்பத்தை ஒட்டிய சில டிகிரிகளை மட்டுமே காட்டும். மறுநாள் மூன்று வேளைகளில் அளந்து, தன் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினாள்:

விடியற்காலை: காற்று 23 டிகிரி செல்சியஸ், கிணற்று நீர் 27 டிகிரி.
நண்பகல்: காற்று 30 டிகிரி, கிணற்று நீர் 27 டிகிரி.
இரவு: காற்று 25 டிகிரி, கிணற்று நீர் 27 டிகிரி.

காற்றின் வெப்பம் ஏறி இறங்கியது. கிணற்று நீர் அசையவே இல்லை. விடியலில் 23 டிகிரிக் காற்றில் நின்ற கைக்கு 27 டிகிரி நீர் இதமாக இருந்தது. நண்பகலில் வெயிலில் காய்ந்த கைக்கு அதே நீர் குளிர்ச்சியாக இருந்தது. மாறியது நீரன்று, கைதான்.

2. மண் என்னும் போர்வை

கிணற்று நீர் ஏன் மாறுவதில்லை? மண் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். பகலில் நிலத்தின் மேற்பரப்பு சுடும், இரவில் ஆறும். அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் சற்று ஆழமாக இறங்கும். ஆழம் மிகுதியாக ஆக அதுவும் தேய்ந்துபோகும். ஆகவே நிலத்தடி நீர், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும்.

அந்தமான் கடல் சூழ்ந்த தீவுக்கூட்டம். இங்கே ஒரு மாதத்துக்கும் மறு மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை சில டிகிரி அளவே மாறும். எனவே ஆழமில்லாத உறைகிணற்றிலும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறது.

இத்தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ஆயினும் பெரும்பகுதி மே முதல் டிசம்பர் வரையே பெய்துவிடும். சனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். நகர்ப்பகுதிக்குக் குடிநீர் தரும் முதன்மையான நீர்நிலையாகிய தனிக்காரி அணையில் நீர் குறையும்போது, குழாய் நீரை மட்டும் நம்பியிருக்க இயலாது. அப்போது வீட்டுக்குத் துணை நிற்பது கிணறே.

3. கோத்தகிரியிலிருந்து வந்த முறையீடு

பேத்தியின் அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. விடியற்காலையில் வெந்நீரில் குளித்தால் வலி தணியும். அதற்காக அப்பா, சென்ற ஆண்டு உடனடி வெந்நீர்க் கருவி ஒன்றை வாங்கிக் குளியலறையில் பொருத்தினார். மக்கள் வழக்கில் அதனை ‘இன்ஸ்டன்ட் கீசர்’ என்பர். பெரிய கீசரில் நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி இருக்கும். உடனடிக் கருவியில் அத்தகைய பெரிய தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் நீர் உள்ளே ஓடும், ஓடும்போதே சூடேறும், சூடேறியபடியே வெளிவரும். கருவியின் ஆற்றல் 3 கிலோவாட்.

அது நன்றாகப் பயன்படுவதைக் கேள்வியுற்ற அத்தையும், அதே ஆற்றலுள்ள கருவி ஒன்றை வாங்கினார். அத்தை மணமாகி நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியில் வாழ்கிறார். மாமாவின் தாயாருக்கும் மூட்டுவலி உண்டு. அவருக்காகவே அந்தக் கருவியை வாங்கினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து அத்தையின் அழைப்பு வந்தது.

“அப்பா, நீங்கள் சொன்னீர்கள் என்று இந்தக் கருவியை வாங்கினோம். விளக்கு எரிகிறது, மின்சாரம் செலவாகிறது. நீர் மட்டும் சுடவில்லை. அத்தையம்மா குளிரில் நடுங்குகிறார். கடைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டார் போலும். நாளை திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்” என்று அத்தை வருந்திக் கூறினார்.

தாத்தா பேத்தியைப் பார்த்தார். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வார்கள்” என்று மெல்லக் கூறிச் சிரித்தார். பின்பு, “இல்லை, உன் அத்தையைக் குறை சொல்லுதல் ஆகாது. இங்கே ஆடுபவர் மீதும் குற்றமில்லை, கூடமும் கோணலில்லை. அத்தையிடம் இரண்டே இரண்டு செய்திகளைக் கேட்டு வாங்கு அம்மா. கிணற்று நீர் எத்தனை டிகிரி? குழாயிலிருந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நீர் விழுகிறது?” என்றார்.

மறுநாள் விடை வந்தது. அத்தையின் மகன் வெப்பநிலைமானியால் அளந்திருந்தான். கிணற்று நீர் 16 டிகிரி. 12 லிட்டர் வாளி 3 நிமிடத்தில் நிறைந்தது. அதாவது, நிமிடத்துக்கு 4 லிட்டர்.

4. நாற்பத்து மூன்று என்னும் எண்

தாத்தா ஒரு தாளை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். பேத்தி அருகில் உட்கார்ந்தாள்.

“ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இது கராச்சர்மாவுக்கும் கோத்தகிரிக்கும் பொது. ஒரு கிலோவாட் கருவி ஒரு நொடிக்கு ஒரு கிலோஜூல் தரும். நம் கருவி 3 கிலோவாட். அப்படியானால் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தரும்?”

“மூன்றை அறுபதால் பெருக்க வேண்டும். 180 கிலோஜூல்.”

“அதனை 4.2 ஆல் வகு.”

“ஏறத்தாழ 43.”

“அந்த 43தான் இந்தக் கருவியின் முழு வலிமை. ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் ஓடினால் 43 டிகிரி ஏறும். இரண்டு லிட்டர் ஓடினால், அதில் பாதியே ஏறும். நான்கு லிட்டர் ஓடினால் கால்பங்கு. குழாயிலும் காற்றிலும் சிறிது வெப்பம் வீணாகும். அதை இப்போது விட்டுவிடுவோம். அத்தை வீட்டுக் கணக்கை நீயே போடு.”

பேத்தி எழுதினாள். 43ஐ 4ஆல் வகுத்தால், ஏறத்தாழ 11. கிணற்று நீரின் 16 டிகிரியுடன் 11 டிகிரியைக் கூட்டினால் 27 டிகிரி.

அவள் கை நின்றுவிட்டது. “தாத்தா! இருபத்தேழா? அது நம் கிணற்று நீர் அல்லவா?”

“ஆம், அம்மா. உன் அத்தையின் கருவி தன் முழு வலிமையையும் செலவழித்து, கோத்தகிரிக் கிணற்று நீரைக் கராச்சர்மாக் கிணற்று நீராக மாற்றியிருக்கிறது! அது தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. நமக்கு மண் இலவசமாகத் தரும் வெப்பத்தை, அவர்கள் மின்கட்டணம் செலுத்திப் பெறுகிறார்கள். அதற்கு மேல் சூடேற்றக் கருவியிடம் வலிமை எஞ்சவில்லை.”

குளிப்பதற்கு ஏறத்தாழ 40 டிகிரி நீர் இதமாக இருக்கும். கராச்சர்மாவில் 27லிருந்து 40க்கு 13 டிகிரி ஏறினால் போதும், நிமிடத்துக்கு 3.3 லிட்டர் வரை இக்கருவியால் தர முடியும். கோத்தகிரியில் 16லிருந்து 40க்கு 24 டிகிரி ஏற வேண்டும், நிமிடத்துக்கு 1.8 லிட்டரே தர முடியும். 15 லிட்டர் வாளி ஒன்றை நிரப்பக் கராச்சர்மாவில் நாலரை நிமிடம் போதும். செலவு கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. கோத்தகிரியில் எட்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், செலவு 0.42 யூனிட்.

கருவி வெந்நீரைத் தருவதில்லை; வெப்பத்தை மட்டுமே தருகிறது. எந்த நீர் உள்ளே வருகிறது, எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்னும் இரண்டுமே வெளிவரும் நீரின் சூட்டை முடிவு செய்கின்றன.

5. பேத்தி எழுதிய மடல்

கராச்சர்மா,
தெற்கு அந்தமான்.

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே தாத்தா, அப்பத்தா, அப்பா, அம்மா அனைவரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் பாட்டியும் நலமாக இருக்க விழைகிறேன்.

உங்கள் கருவியில் பழுது இல்லை. கடைக்காரரிடம் சண்டையிட வேண்டா. தாத்தாவும் நானும் கணக்கிட்டுப் பார்த்தோம். உங்கள் ஊர்க் கிணற்று நீர் எங்கள் நீரைவிட 11 டிகிரி குளிர்ந்தது. அதனால்தான் அதே கருவி அங்கே திணறுகிறது. தாத்தா கூறிய வழிகளைக் கீழே எழுதுகிறேன்.

முதலாவது, குழாயை முழுவதும் திறக்காதீர்கள். நிமிடத்துக்கு 2 லிட்டருக்கும் குறைவாக நீர் விழும்படி வைத்து, வாளியில் நிரப்புங்கள். பூவாளிக் குழாயின் கீழ் நின்று குளிக்க அந்த நீர் போதாது. வாளியும் குவளையுமே ஏற்றவை.

இரண்டாவது, மாடித் தொட்டியில் முதல் நாள் மாலை ஏற்றிய நீர் இரவெல்லாம் பனிக்காற்றில் குளிர்ந்து, கிணற்று நீரைவிடவும் சில்லிட்டுப் போகும். ஆகையால் விடியற்காலையில் கிணற்றிலிருந்து புதிதாக நீரேற்றுங்கள். கிணற்றின் வெப்பம் இலவசம். எங்கள் வீட்டிலும் இதைச் சோதித்தோம். விடியலில் மாடித் தொட்டி நீர் 24 டிகிரி. கிணற்று நீர் 27 டிகிரி. இங்கேயே 3 டிகிரி மிச்சம் என்றால், அங்கே இன்னும் மிகுதியாக இருக்கும்.

மூன்றாவது, ஒருவர்பின் ஒருவராகப் பலர் குளிக்க வேண்டுமாயின், நீரைத் தேக்கிச் சூடேற்றும் பெரிய கீசரோ, சூரிய வெந்நீர்க் கலனோ உங்கள் ஊருக்குப் பொருந்தும். அவற்றில் நீர் முன்கூட்டியே சூடேறி நிற்கும். அதனுடன் பச்சைத்தண்ணீரை விளாவிக் கொள்ளலாம்.

அடுத்து எழுதுவதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். தாத்தா வற்புறுத்திச் சொன்னார். எரிவாயுவால் இயங்கும் கருவி வாங்கலாம் என்று எவரேனும் சொன்னால், அதனை மூடிய குளியலறைக்குள் ஒருபோதும் பொருத்தாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுவிடுபவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரும். குளிருக்கு அஞ்சிச் சாளரத்தை அடைக்கும் மலையூரில் இது பெருந்தீங்கு.

மின்கருவிக்கும் எச்சரிக்கை வேண்டும். 3 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஆதலால் 16 ஆம்பியர் பிளக்கிலேயே இணைக்க வேண்டும். நீட்டிப்பு வயரில் இணைத்தல் கூடாது. எர்த் கம்பி சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். முதலில் நீரைத் திறந்து, அது ஓடத் தொடங்கிய பின்னரே ஸ்விட்சைப் போடுங்கள். வாளி நிறைந்ததும் ஸ்விட்சை நிறுத்திவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்.

பாட்டிக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அடுத்த விடுமுறைக்குக் கப்பலேறி வருவோம். அப்போது உங்கள் கிணற்று நீரில் நான் கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்.

6. நம் வீட்டுக்கும் ஒரு பாடம்

மடலை எழுதி முடித்த பேத்திக்கு ஓர் ஐயம் எழுந்தது. “தாத்தா, குழாயைக் குறைத்துத் திறந்தால் நீர் மிகுதியாகச் சுடும் என்றால், நம் வீட்டில் அவ்வாறு செய்யலாமா?”

“அங்கேதான் கவனம் வேண்டும். மாடித் தொட்டியில் நீர் குறைந்து, குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டரே வருகிறது என்று வைத்துக்கொள். 27 டிகிரியுடன் 43ஐக் கூட்டு.”

“எழுபது டிகிரி!”

“60 டிகிரி நீரே சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பு கருவிக்குள் இருக்கும். ஆயினும் அதை மட்டும் நம்பிக் குழாயின் கீழ் நிற்றல் அறிவுடைமை ஆகாது. கோத்தகிரியில் நோய் ‘சுடவில்லை’ என்பது. கராச்சர்மாவில் நோய் ‘சுட்டுவிடும்’ என்பது. மருந்து இரண்டுக்கும் ஒன்றே: வாளியில் பிடி, விளாவு, முழங்கையால் தொட்டுப் பார், அதன்பின் குளி.”

தாத்தா மேலும் சொன்னார்: “இன்னொன்றையும் எண்ணிப் பார். அந்தமான் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் எந்திரங்களால் உண்டாக்கப்படுகிறது. அந்த டீசல் பெருநிலத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். நம் கராச்சர்மாவில் என்.டி.பி.சி. நிறுவனம் அமைத்த 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டு நெய்வேலியின் பெயர் தாங்கிய என்.எல்.சி. நிறுவனமும் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்துள்ளது. ஆனால் விடிவதற்கு முன் கதிரவன் ஏது? இருளில் நாம் போடும் ஸ்விட்சுக்காக எங்கோ ஒரு டீசல் எந்திரம் உறுமுகிறது. தேவைப்படுவோருக்கு வெந்நீர் வேண்டும். அதில் தயக்கம் இல்லை. தேவையில்லாதவருக்குக் கிணறு இருக்கிறது.”

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அப்பத்தாவின் ஒரு வாளி நீருக்கு மட்டும் கருவி இயங்கியது. மற்றவர்கள் விடியலில் புதிதாக இறைத்த கிணற்று நீரிலேயே குளித்தனர்.

பத்து நாள் கழித்து அத்தையின் அழைப்பு வந்தது. மடலைப் படித்தவுடன் குழாயைக் குறைத்துத் திறந்ததாகவும், அத்தையம்மா இப்போது நடுங்காமல் குளிப்பதாகவும் கூறினார். “பாவம், குற்றமற்ற கருவியை வாய்க்கு வந்தபடி வைதுவிட்டேன்” என்றார்.

அருகில் இருந்த அப்பத்தா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். “கருவி கிடக்கட்டும் அம்மா. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அதைச் சொல்” என்றார்.

தெரிந்து தெளிவோம்

ஐஸ்லாந்து நாட்டில் நிலத்தடியிலிருந்து கொதிநீரைப் பீய்ச்சியடிக்கும் ஊற்று ஒன்றின் பெயர் கெய்சீர். ‘பீறிட்டெழுவது’ என்பது அதன் பொருள். 1868ஆம் ஆண்டு இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், ஓடும் நீரை எரிவாயுத் தீயால் உடனடியாகச் சூடேற்றும் கருவியை உருவாக்கி, அதற்கு அந்த ஊற்றின் பெயரையே சூட்டினார். நாம் வழங்கும் ‘கீசர்’ என்னும் சொல் இவ்வாறு வந்ததே. முதன்முதலில் அப்பெயர் பெற்றது தொட்டியில்லாக் கருவி என்பது குறிப்பிடத்தக்கது.

எண்ணித் துணிவோம்

கடுங்குளிர் நாடுகளில் குழாய்க்கு வரும் நீர் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஆகவே அங்கே வீடு முழுமைக்கும் பயன்படும் தொட்டியில்லா மின்கருவிகள் 18 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆற்றல் உடையனவாக இருக்கின்றன. இது நம் வீட்டுக் கருவியைப்போல் ஆறு மடங்கும் அதற்கு மேலும்.

சொல்லும் பொருளும்

தண்மை – குளிர்ச்சி
வெம்மை – வெப்பம்
பச்சைத்தண்ணீர் – காய்ச்சாத நீர்
விளாவுதல் – வெந்நீரில் தண்ணீர் கலந்து சூட்டைப் பதப்படுத்துதல்
உறைகிணறு – வட்ட உறைகளை அடுக்கிக் கட்டிய கிணறு
கப்பி – கயிறு ஓடும் உருளை
தாம்புக்கயிறு – நீர் இறைக்கும் கயிறு
பெருநிலம் – தீவினர் இந்தியத் தாய்நிலத்தைக் குறிக்கும் சொல்
முறையீடு – குறையை எடுத்துரைத்தல்
வைதல் – திட்டுதல்

மொழியை அறிவோம்

தண்மை + நீர் = தண்ணீர். வெம்மை + நீர் = வெந்நீர். இரண்டும் பண்புத்தொகைகள், பண்பைக் காட்டும் ‘மை’ விகுதி மறைந்து நிற்கிறது. இவ்வாறே செம்மை + மண் = செம்மண்; பசுமை + இலை = பச்சிலை எனவும் வரும்.

சூட்டின் அளவைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. சில்லென்ற நீர், குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், கைபொறுக்கும் சூடு, கொதிநீர் ஆகியவற்றைக் குறைந்த சூட்டிலிருந்து மிகுந்த சூடுவரை வரிசைப்படுத்திச் சொல்லிப் பழகுக.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. விடியற்காலையில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகத் தோன்றக் காரணம்
(அ) நீர் இரவில் சூடேறுவது (ஆ) காற்று நீரைவிடக் குளிர்ந்திருப்பது (இ) கிணறு ஆழமில்லாதது (ஈ) மழை பெய்தது

2. ‘வெந்நீர்’ என்பதனைப் பிரித்து எழுதக் கிடைப்பது
(அ) வெந் + நீர் (ஆ) வெண்மை + நீர் (இ) வெம்மை + நீர் (ஈ) வேம்பு + நீர்

3. தெற்கு அந்தமானில் வறண்ட காலம்
(அ) மே – ஆகஸ்டு (ஆ) சூன் – செப்டம்பர் (இ) அக்டோபர் – டிசம்பர் (ஈ) சனவரி – ஏப்ரல்

ஆ) குறுவினா

1. கிணற்று நீரின் வெப்பநிலை பகலிலும் இரவிலும் ஏன் மாறுவதில்லை?
2. “மாறியது நீரன்று, கைதான்” என்பதன் பொருளை விளக்குக.
3. எரிவாயுக் கருவியை மூடிய குளியலறையில் பொருத்துதல் ஏன் கூடாது?

இ) சிறுவினா

1. ஒரே வகைக் கருவி கராச்சர்மாவில் பயன் தந்து, கோத்தகிரியில் தராததுபோல் தோன்றியது ஏன்? எண்களைக் காட்டி விளக்குக.
2. கோத்தகிரியில் ‘சுடவில்லை’, கராச்சர்மாவில் ‘சுட்டுவிடும்’ என்று தாத்தா கூறியதன் காரணம் யாது?
3. அத்தையின் அழைப்பைக் கேட்டதும் தாத்தா எடுத்த முடிவிலிருந்து நீங்கள் அறிவது யாது?

ஈ) கணக்கிட்டு எழுதுக.

ஒரு மலையூரில் கிணற்று நீர் 14 டிகிரி. 3 கிலோவாட் கருவி வழியே நிமிடத்துக்கு 3 லிட்டர் நீர் ஓடுகிறது. வெளிவரும் நீர் ஏறத்தாழ எத்தனை டிகிரி இருக்கும்? அதனை 40 டிகிரி ஆக்க என்ன செய்யலாம்?

கற்பவை கற்றபின்

1. மூன்று கிண்ணங்களில் முறையே குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், கைபொறுக்கும் சூட்டு நீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்க. ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும், மறு கையைச் சூட்டு நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பின்பு இரண்டையும் நடுக் கிண்ணத்தில் இடுக. ஒவ்வொரு கையும் என்ன சொல்கிறது? ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ந்தும் மறு கைக்குச் சூடாகவும் தோன்றும் என்பதனை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஜான் லாக் எடுத்துக்காட்டியுள்ளார். உங்கள் பட்டறிவை ஐந்து தொடர்களில் எழுதுக.

2. உங்கள் வீட்டுக் கிணற்று நீர், மாடித் தொட்டி நீர் ஆகியவற்றின் வெப்பநிலையைப் பெரியவர் துணையோடு காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் அளந்து அட்டவணைப்படுத்துக.

3. ‘விளாவுதல்’ போன்று நீரோடு தொடர்புடைய வினைச்சொற்கள் (இறைத்தல், மொள்ளுதல், தெளித்தல்) பத்தினை வீட்டுப் பெரியவரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் எவை உங்கள் வீட்டில் இன்றும் வழங்குகின்றன என்று குறிப்பிடுக.

4. தமிழ்நாட்டிலோ பிற ஊரிலோ வாழும் உறவினர் ஒருவருக்கு, உங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி மடல் எழுதுக. அவர்கள் ஊர் நீரைப் பற்றி இரண்டு கேள்விகளை அதில் கேளுங்கள்.